குழந்தையை மருத்துவ ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்டால்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

"எங்க குழந்தைய வச்சு சோதனை பண்ணப் போறீங்களா?"

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆய்வுச் செவிலியராக இருந்த ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சிலர் கோபமாகக் கேட்பார்கள், சிலர் அழுதுகொண்டே கேட்பார்கள். கேள்வியில் தவறே இல்லை. ஆனால் அது பாதிக் கேள்வி. மீதிப் பாதியைக் கேட்டவர்கள் மிகக் குறைவு: "சேர்க்கலைன்னா என்ன வைத்தியம் நடக்கும்? அதுதான் சரியான வைத்தியம்னு எப்படித் தெரியும்?"

இந்த இரண்டாவது கேள்வியை எப்படிக் கேட்பது, வரும் பதிலை எப்படி எடைபோடுவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதல் தடவையாகச் சம்மதப் படிவத்தைக் கையில் வாங்கும் அப்பா அம்மாதான் என் மனதில் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு பழைய கதை

படிவத்தைத் திறக்கும் முன் இந்தக் கதை தெரிந்திருந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

1940களில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டருக்குள் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது. ஆக்சிஜன் போனதும் நீலம் பாரித்த உடம்பு சிவக்கிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? வசதியான மருத்துவமனைகளில்தான் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தது. அங்கிருந்து பிழைத்து வீட்டுக்குப் போன குழந்தைகளில் பலருக்குக் கண் தெரியவில்லை. உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். வெளிச்சம் காரணமா, வைட்டமின் காரணமா என்று என்னென்னவோ சந்தேகப்பட்டார்கள்.

ஆக்சிஜனையே கூட்டியும் குறைத்தும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை ஆய்வு தொடங்கியது. குறைவாகக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல், இரவுப் பணியில் இருந்த செவிலியர்கள் சிலர் ஆக்சிஜனை ரகசியமாகத் திறந்துவிட்டார்களாம். நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். பிறகு 1953-54ல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வுதான் சந்தேகத்தைத் தீர்த்தது. கண்ணைப் பறித்தது அந்தத் தாராள ஆக்சிஜன்தான்.

அதன் பிறகு எல்லோரும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தார்கள். பார்வை இழப்பு குறைந்தது. கூடவே, போதிய ஆக்சிஜன் இல்லாமல் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஏறியது. எவ்வளவு கொடுத்தால் கண்ணும் பிழைக்கும் உயிரும் பிழைக்கும் என்ற கேள்வி அரை நூற்றாண்டு தாண்டியும் தீரவில்லை. பின்னால் அந்தக் கதைக்குத் திரும்ப வருகிறேன்.

மருந்துகள் விஷயமும் இப்படித்தான். பச்சிளங்குழந்தைகளுக்கு நாங்கள் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பெரியவர்களிடம் சோதிக்கப்பட்டவை. அளவைக் குறைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். 1950களில் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் பெரியவர்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. பச்சிளங்குழந்தையின் முதிராத கல்லீரலால் அதை மாற்றி வெளியேற்ற முடியவில்லை. மருந்து ரத்தத்தில் தேங்கியது. குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்தார்கள். 1959ல் ஒரு ஒப்பீட்டு ஆய்வு வெளிவந்த பிறகுதான் குற்றவாளி அந்த மருந்து என்று உறுதியானது.

ஆகவே "வழக்கமான சிகிச்சை" என்று யாராவது சொன்னால், அது நிரூபணமான சிகிச்சை என்று தானாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல சமயம் "இதுவரை இப்படித்தான் செய்து வருகிறோம்" என்பதுதான் அதன் அர்த்தம்.

1. எந்த வகை ஆய்வு என்று கேளுங்கள்

"ஆய்வு" என்றதுமே ஊசியும் புது மருந்தும்தான் கண்முன் வரும். உண்மையில் பல ஆய்வுகள் வேறு மாதிரியானவை. வந்தவரிடம் நேராகக் கேளுங்கள்: "குழந்தைக்குப் புதுசா ஏதாவது செய்யப் போறீங்களா, இல்ல நடக்கிறதைப் பார்த்துக் குறிச்சுக்கப் போறீங்களா?"

பார்த்துக் குறித்துக்கொள்வது மட்டும் என்றால் அது கண்காணிப்பு ஆய்வு. குழந்தையின் எடை, தாய்ப்பால் அளவு, மஞ்சள் காமாலை எந்த நாளில் எவ்வளவு என்பதையெல்லாம் பதிவேட்டிலிருந்து எடுப்பார்கள். சில சமயம் கூடுதலாக ஒரு ரத்தப் பரிசோதனையோ ஒரு ஸ்கேனோ இருக்கும். இதில் பெரும்பாலும் தகவல் ரகசியம் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

ஏதாவது செய்யப் போகிறார்கள் என்றால் அதிலும் இரண்டு உண்டு. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள இரண்டு முறைகளை ஒப்பிடுவது ஒன்று. புது மருந்து அல்லது கருவி இன்னொன்று. புது மருந்தென்றால் எந்தக் கட்டம் என்று கேளுங்கள். முதல் கட்டத்தில் மருந்தின் அளவையும் பாதுகாப்பையும்தான் பார்ப்பார்கள். உங்கள் குழந்தைக்கு நேரடிப் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்றாம் கட்டத்தில் நிறையக் குழந்தைகள் இருப்பார்கள், முந்தைய கட்டங்களின் தகவல் கையில் இருக்கும். பெரியவர்களிடமும் கொஞ்சம் பெரிய குழந்தைகளிடமும் பார்த்தாகிவிட்டதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

2. இரண்டு பக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான ஒப்பீட்டு ஆய்வுகளில் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். யார் எந்தக் குழு என்பதை டாக்டர் முடிவு செய்ய மாட்டார், நீங்களும் முடிவு செய்ய முடியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். "ஏன் இப்படி? எது நல்லதுன்னு டாக்டருக்குத் தெரியாதா?" என்று கேட்பார்கள். தெரியாது. தெரிந்திருந்தால், ஆய்வுகளைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு இதை நடத்த அனுமதித்திருக்காது. டாக்டரே ஆள் பார்த்துப் பிரித்தால், தன்னை அறியாமலே தெம்பான குழந்தைகளை ஒரு பக்கமும் சோர்ந்த குழந்தைகளை இன்னொரு பக்கமும் போட்டுவிடுவார். பிறகு வரும் வித்தியாசம் மருந்தால் வந்ததா, குழந்தையின் தெம்பால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சில ஆய்வுகளில் ஒரு குழுவுக்குப் போலி மருந்து கொடுப்பார்கள். பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. எந்தக் குழந்தைக்கு எது என்று கொடுக்கும் செவிலியருக்கே தெரியாது. இது கேட்கக் கொடுமையாகத் தோன்றும். அதனால் இப்படிக் கேளுங்கள்: "போலி மருந்து கிடைக்கிற குழந்தைக்கு வழக்கமான மற்ற வைத்தியம் எல்லாம் நடக்குமா?" ஆம் என்ற பதில்தான் வர வேண்டும். தயங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு மேலே விசாரியுங்கள்.

இப்போது ஆக்சிஜன் கதைக்கு வருகிறேன். 2010ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 24 முதல் 27 வாரத்தில் பிறந்த 1,316 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் ரத்த ஆக்சிஜன் அளவை 85 முதல் 89 சதவீதத்திலும், இன்னொரு பக்கம் 91 முதல் 95 சதவீதத்திலும் வைக்க முயன்றார்கள். இரண்டுமே அன்று புழக்கத்தில் இருந்த எல்லைக்குள்தான். முடிவு வந்தபோது, குறைந்த அளவுக் குழுவில் கண் பாதிப்பு குறைவு, இறப்பு அதிகம். கூடிய அளவுக் குழுவில் நேர் எதிர். 2013ல் அமெரிக்க அரசின் மேற்பார்வை அலுவலகம் ஒன்று, இந்த ஆபத்துகளைச் சம்மதப் படிவம் பெற்றோருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று எழுதியது. இரண்டும் வழக்கமான சிகிச்சைதானே, இதில் என்ன சொல்ல இருக்கிறது என்று வாதாடிய மருத்துவர்களும் நிறையப் பேர்.

நான் பெற்றோர் பக்கம். "ரெண்டுமே வழக்கமான வைத்தியம்தான், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். வித்தியாசம் வரலாம் என்று நினைப்பதால்தானே ஒப்பிடுகிறார்கள்? இந்தப் பக்கம் விழுந்தால் எது கூடலாம், அந்தப் பக்கம் விழுந்தால் எது கூடலாம் என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

3. குழந்தையின் உடம்புக்கு என்னவெல்லாம் கூடுதலாக ஆகும்?

ஆய்வுக்காக மட்டும் எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், எவ்வளவு எடுப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்தமே 80 முதல் 90 மில்லி ரத்தம்தான். ஒரு சின்ன டம்ளர் கூட நிறையாது. ஆய்வுக்கான ரத்தம் நான்கு வாரத்தில் மொத்த ரத்தத்தின் 3 சதவீதத்தையும், ஒரே தடவையில் 1 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். அந்த ஒரு கிலோ குழந்தைக்கு அது நான்கு வாரத்தில் சுமார் இரண்டரை மில்லி, ஒரு தடவைக்கு ஒரு மில்லிக்கும் கீழே.

நல்ல குழுவாக இருந்தால், வழக்கமான பரிசோதனைக்கு எப்படியும் குத்தும்போதே ஆய்வுக்கான துளியையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். "தனியா குத்துவீங்களா, சேர்த்து எடுப்பீங்களா?" என்று கேட்டாலே போதும், அவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம் எக்ஸ்ரே, ஸ்கேன், மயக்க மருந்து, கூடுதலாக ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் என எல்லாவற்றையும் இதே மாதிரி கேளுங்கள்.

4. படிவத்தை வாசிப்பது

படிவம் நீளமாக இருக்கும். களைத்துப்போன கண்ணுக்கு எழுத்தெல்லாம் ஒன்றாகத் தெரியும். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் சொல்லும் வரிசை: முதலில் ஆபத்துகள் பகுதி, பிறகு "சேர விரும்பாவிட்டால்" என்ற பகுதி, பிறகு பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு என்ற பகுதி. இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, அந்தக் குழுவைத் தொடர்புகொள்ளும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1950களின் நடுவில் தொடங்கி நியூயார்க்கில் வில்லோபுரூக் என்ற அரசு விடுதியில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே கல்லீரல் அழற்சிக் கிருமியைக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். பெற்றோரின் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். கையெழுத்து இருந்துவிட்டால் எதையும் செய்யலாம் என்ற நிலையை மாற்றத்தான் வெளியாட்களும் உட்காரும் இந்தக் குழுக்கள் வந்தன.

பதிவு எண்ணையும் கேளுங்கள். மனிதர்களிடம் நடத்தும் சிகிச்சை ஆய்வுகளை, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தேடுதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் நடத்துகிறார்கள், யார் பணம் தருகிறார்கள், எதை அளக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் வரும். வீட்டில் ஃபோன் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று, எடுத்த ரத்தத்தில் மிச்சம் என்ன ஆகும் என்பது. சில ஆய்வுகள் அதைப் பல வருடம் சேமித்து மரபணு ஆய்வுக்கும் பயன்படுத்தும். அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்பார்கள். ஆய்வுக்குச் சரி, சேமிப்புக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

கடைசியாக, நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் அப்பா, நான் பேசி முடித்த இரண்டே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷம், அன்றைய வேலை முடிந்தது. மறுநாள் காலையில் வந்து, "அந்தப் புது மருந்தை எப்ப சிஸ்டர் போடுவீங்க?" என்றார். குலுக்கல், போலி மருந்து என்றெல்லாம் நான் மூன்று முறை சொல்லியிருந்தேன். அவர் காதில் "புது மருந்து" மட்டும்தான் விழுந்திருக்கிறது. இரவெல்லாம் தூங்காத மனிதரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்காதது என் தப்பு. மறுபடி உட்கார்ந்து விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் வேண்டாம் என்று சொல்லி, குழந்தையை விலக்கிக்கொண்டார். எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

குழந்தையின் அம்மா வேறு வார்டில் படுத்திருந்தால் அவர் இல்லாமல் முடிவு செய்யாதீர்கள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவரும் கேட்கட்டும். விளக்குபவர் இதற்கு முகம் சுளித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

5. நேரமே இல்லை என்றால்

சில ஆய்வுகளில் யோசிக்க ஒரு நாள், இரண்டு நாள் கிடைக்கும். சிலவற்றில் மணிக்கணக்குதான். பிரசவத்தின்போது மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் பிறந்த குழந்தைக்கு உடம்பைக் குளிரூட்டும் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் 72 மணி நேரம் வைத்திருப்பார்கள். பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். இந்த மாதிரி இடங்களில் எல்லாக் கேள்வியையும் கேட்க முடியாது. மூன்று மட்டும் கேளுங்கள்: இரண்டு பக்கத்துக்கும் என்ன வித்தியாசம்? சேராவிட்டால் என்ன செய்வீர்கள்? பிறகு விலகலாமா?

அந்தக் குளிரூட்டும் சிகிச்சையிலேயே ஒரு படிப்பினை இருக்கிறது. பணக்கார நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அது இறப்பையும் ஊனத்தையும் குறைத்தது. அதை நம்பி மற்ற நாடுகளிலும் பரவலாகத் தொடங்கினார்கள். 2021ல் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது: குளிரூட்டப்பட்ட குழுவில் 42 சதவீதம் இறந்திருந்தார்கள், குளிரூட்டாத குழுவில் 31 சதவீதம். ஓரிடத்தில் நிரூபணமானது இன்னோரிடத்துக் குழந்தைகளுக்குப் பொருந்தாமல் போகலாம். "வெளிநாட்டுல நிரூபிச்சாச்சே, இங்க எதுக்கு மறுபடி ஆய்வு?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இன்னும் அவசரமான சில ஆய்வுகளில் முதலில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் பிறகு சம்மதம் கேட்பார்கள். 2011ல் வெளிவந்த ஆப்பிரிக்க ஆய்வு ஒன்றில், மிக அவசரமான குழந்தைகளுக்கு வாய்மொழிச் சம்மதம் மட்டும் வாங்கித் தொடங்கிவிட்டு, எழுத்துச் சம்மதத்தைப் பிறகு வாங்கினார்கள். கடும் தொற்றோடு, ரத்த ஓட்டம் குறைந்த அதிர்ச்சி நிலையில் வந்த 3,141 குழந்தைகள். நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது உயிர்காக்கும் என்றுதான் மருத்துவர்கள் பலர் நம்பினார்கள், பாடப்புத்தகத்திலேயே இருந்தது. 48 மணி நேரத்தில், வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் 100க்கு 10 அல்லது 11 பேர் இறந்தார்கள். ஏற்றாதவர்களில் 100க்கு 7 பேர். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தச் சொல்வதற்கென்றே, ஆய்வை நடத்துபவர்களோடு சம்பந்தமில்லாத கண்காணிப்புக் குழு ஒன்று இடையிடையே கணக்கைப் பார்க்கும். உங்கள் ஆய்வில் அப்படி ஒரு குழு உண்டா என்று கேளுங்கள்.

6. பணம் கேட்டால்

எழுந்து போய்விடுங்கள். ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்கான பரிசோதனைக்கும் பெற்றோரிடம் பணம் வாங்குவது நல்ல ஆய்வின் வழக்கம் இல்லை. மூளை வாதமோ (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கட்டுப்படாத நிலை) ஆட்டிசமோ உள்ள குழந்தைகளின் பெற்றோரைத் தேடிப் பிடித்து, ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு அதற்கு "ஆய்வு" என்று பெயர் வைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அங்கே ஒப்பீட்டுக் குழுவும் இருக்காது, தொடர்ந்து பார்ப்பதும் இருக்காது. குணமானவர்களின் வீடியோ மட்டும் இருக்கும். பயணச் செலவை ஆய்வுக் குழு உங்களுக்குத் திருப்பித் தருவது வேறு விஷயம், அது நியாயமானது.

7. பேசத் தெரிந்த குழந்தையென்றால் அதையும் கேளுங்கள்

சட்டப்படி சம்மதம் தர வேண்டியவர் நீங்கள். ஆனால் ஏறக்குறைய ஏழு வயதிலிருந்து குழந்தையின் ஒப்புதலையும் தனியாகக் கேட்பது பல நாடுகளில் வழக்கம். "டாக்டர் மாமா சொல்றபடி கேட்டா சாக்லேட்" என்பது ஒப்புதல் ஆகாது. என்ன செய்வார்கள், வலிக்குமா, எத்தனை தடவை வரணும், பிடிக்கவில்லை என்றால் நிறுத்தலாமா என்ற நான்கையும் குழந்தைக்குப் புரியும் சொல்லில் சொல்ல வேண்டும். வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்லுங்கள். ஒரு முறை ஏமாந்த குழந்தை அடுத்த ஊசிக்குக் கையை நீட்டாது.

குழந்தை உறுதியாக வேண்டாம் என்றால், அதற்கு நேரடிப் பலன் இல்லாத ஆய்வில் அந்த மறுப்பே கடைசி முடிவு. கூடுதல் ரத்தம் கொடுக்கப் பிடிக்காத பத்து வயதுப் பிள்ளையைக் கட்டாயப்படுத்த எந்த அறிவியலுக்கும் உரிமை இல்லை.

8. வேண்டாம் என்று சொல்வது

"நம்ம குழந்தையப் பார்க்கிற டாக்டரே கேக்கறாரு, எப்படி மறுக்கிறது? கோபப்பட்டா?" இந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லாத குடும்பமே இல்லை என்பேன். இதற்காகவே, சிகிச்சை தரும் டாக்டரை விட்டுவிட்டு வேறு ஒருவர் வந்து சம்மதம் கேட்பது நல்ல முறை. உங்களிடம் டாக்டரே கேட்டால், ஆய்வில் இல்லாத இன்னொரு டாக்டரிடமோ செவிலியரிடமோ பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

மறுக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "இப்ப எங்களால இதை யோசிக்க முடியல" என்பதே போதுமான பதில். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் குறையக் கூடாது. அதுவரை சேர்ந்த தகவலை மட்டும் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள், அது படிவத்தில் எழுதியிருக்கும்.

9. சேர்ந்த பிறகு

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஆய்வின் பெயர், பதிவு எண், இரவிலும் எடுக்கும் தொலைபேசி எண். படிவத்தின் நகலை அதிலேயே செருகி வையுங்கள். ஆய்வுக் காலத்தில் வேறு எந்த மருந்து கொடுப்பதாக இருந்தாலும், அது காய்ச்சல் சிரப்பாகவோ பாட்டி வைத்தியமாகவோ இருந்தாலும், கொடுக்கும் முன் அந்த எண்ணுக்குச் சொல்லுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக நேர்ந்தால் நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். போலி மருந்தா நிஜ மருந்தா என்று அவசரத்தில் திறந்து பார்க்க வழி வைத்திருப்பார்கள்.

எதையும் "இது ஆய்வால வந்திருக்காது" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லி மறைக்காதீர்கள். வாந்தி, தடிப்பு, தூக்கம் கெடுவது எதுவானாலும் தேதி போட்டு எழுதிச் சொல்லுங்கள். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை இரண்டு குழுவையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் முடிவு செய்யட்டும்.

வீட்டுக்குப் போன பின் வரும் அழைப்புகளைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு அலைய வேண்டும் என்று தோன்றும், நியாயம்தான். ஆனால் பச்சிளங்குழந்தை ஆய்வில் உண்மையான முடிவு அங்கேதான் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்காக டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது அவர்கள் வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் வெளியே வந்தார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறந்த முதல் நாட்களிலேயே அதைப் பெற்றவர்களைச் சில வருடம் கழித்துப் பார்த்தபோது, மூளை வாதம் அவர்களிடம் அதிகமாக இருந்தது.

காஃபினில் கதை தலைகீழ். ஆமாம், காபியில் இருக்கும் அதே காஃபின்தான். மூச்சு விட மறக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு அதை மருந்தாகக் கொடுக்கிறோம். 500 முதல் 1,250 கிராம் எடையில் பிறந்த 2,006 குழந்தைகளைச் சேர்த்த ஆய்வு ஒன்றில், முதல் சில வாரங்களில் காஃபின் கிடைத்த குழந்தைகள் கொஞ்சம் குறைவாகவே எடை போட்டார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால் சந்தேகம்தான் மிஞ்சியிருக்கும். ஒன்றரை வயது தாண்டிப் பார்த்தபோது மூளை வாதம் காஃபின் குழுவில் 4.4 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 7.3 சதவீதம். 11 வயது வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். இன்று எங்கள் வார்டில் காஃபின் சாதாரண மருந்து. அத்தனை வருடம் விடாமல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோரால்தான் அது இப்போது மற்றவர்களுக்குக் கிடைக்கிறது.

அதனால் வீடு மாறினால், ஃபோன் எண் மாறினால் ஆய்வுக் குழுவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வர முடியாவிட்டால் ஃபோனிலாவது பதில் சொல்ல முடியுமா என்று கேளுங்கள்.

10. முடிவைக் கேட்டு வாங்குங்கள்

இதைப் பெற்றோரும் மறப்பார்கள், ஆய்வுக் குழுக்களும் வசதியாக மறந்துவிடுவார்கள். ஆய்வு முடிந்து கணக்கெல்லாம் பார்த்து வெளியிட வருடங்கள் ஆகும். கையெழுத்துப் போடும் அன்றே, "முடிவு வந்ததும் எங்களுக்குப் புரியும்படி எழுதி அனுப்புவீங்களா? குழந்தை எந்தக் குழுவில் இருந்துச்சுன்னு சொல்வீங்களா?" என்று கேட்டு, பதிலைப் படிவத்தின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். குழந்தை இறந்துபோன பெற்றோரிடமும் முடிவை அனுப்பலாமா என்று கேட்டு வைப்பது வழக்கமாக வேண்டும். கேட்கத் தயங்கி, அவர்களுக்கு வேண்டியிருக்காது என்று நாங்களாக நினைத்துக்கொண்ட காலம் உண்டு. நாங்கள் அப்படி நினைத்திருந்த ஓர் அம்மா, நாலு வருடம் கழித்து என்னைத் தேடி வந்து கேட்ட முதல் கேள்வி, "அந்த மருந்து வேலை செஞ்சுதா சிஸ்டர்?"